எதிர்வீடு வரை போன பெட்டி

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு எங்கள் பெட்டி மலேசியாவுக்குக் கிளம்பியது. போய்ச் சேர்ந்த இடம் எதிர்வீடு. எங்கள் வாசற்படியிலிருந்து அவர்கள் வாசற்படிக்கு முப்பத்தொரு எட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததால் எனக்கு முப்பத்தாறு ஆனது. அதற்குப் பிறகு ஆறு மாதம் அது அங்கேயே கிடந்தது. கோபம் கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

பெட்டி எதிர்வீட்டுக்குப் போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் விமானம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. திருவிடைமருதூரிலிருந்து திருச்சி மேற்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது. மலேசியா கிழக்கே அல்லவா இருக்கிறது என்று என் மனைவியிடம் கேட்டேன்.

"வாசல்ல எறங்குனதும் எந்தப் பக்கம் திரும்புவீங்க? அதைச் சொல்லுங்க" என்றாள்.

இதற்குப் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நாளில், நல்ல நேரத்தில், கூட எடுத்துப்போகிற சாமானில் ஒன்றைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். பரஸ்தானம் என்று பெயர். அதன்பிறகு ஆள் எந்தக் கெட்ட நேரத்தில் வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, வைத்த சாமான் பயணம் முடியாமல் வீட்டுக்குத் திரும்பக்கூடாது. திரும்பினால் அந்தப் பயணம் ஒழிந்தது. முப்பத்துநாலு வருடம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவன் நான். ராகுகாலத்தில் கிளம்பும் வண்டிக்கும் எமகண்டத்தில் கிளம்பும் வண்டிக்கும் ஒரே கையால் டிக்கெட் கிழித்திருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பெட்டியைத் தூக்கியது நான்தான்.

எதிர்வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவியும் என் மனைவியும் தினமும் இரண்டு தடவையாவது பேசாமல் இருப்பதில்லை. அந்த அம்மா பெட்டியைத் தன் கையால் வாங்கி ஹாலில் ஜன்னலோரம் வைத்தார். "எங்க மார்க்கத்துல இதெல்லாம் இல்லக்கா. ஆனா பெட்டி உங்களுது, நம்பிக்கையும் உங்களுது. பத்திரமா இருக்கும்" என்றார்.

பெட்டிக்குள் இரண்டு புடவை, மோர்மிளகாய் ஒரு பொட்டலம், சுண்டைக்காய் வற்றல் ஒரு பொட்டலம், எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை ஏன் அதில் வைக்கிறாய் என்றேன். பயணத்துக்கு நிஜமாகவே தேவைப்படுகிற ஒன்று அதில் இருந்தால்தான் கிளம்பினதாக அர்த்தம் என்றாள். பூட்டி, சாவியை ஊக்கில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இனி யாரைப் பார்க்கப் போகிறோம் என்பது. என் மனைவிக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மலேசியாவில் ஈப்போவுக்குப் போனவர். கடைசியாக இங்கே வந்துபோய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு எழுபத்தேழு, என் மனைவிக்கு அறுபத்தொன்பது. போன கார்த்திகையில் அந்த அக்காவின் மகன் போன் செய்தான். "சித்தி, அம்மாவுக்கு மறதி வந்துடுச்சு. டாக்டர் இது திரும்பாதுங்கிறார். அவங்களுக்கு உங்களை அடையாளம் தெரியறப்பவே ஒரு தடவை வந்துட்டுப் போயிடுங்க லா" என்றான். அந்த 'லா' அந்த ஊர்ப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என் போனில் வீடியோவில் அக்காவும் தங்கையும் பேசுவது வழக்கம். அக்கா எப்போதும் நாலு கேள்வி கேட்பார். ஏண்டி சாப்பிட்டியா. முட்டி வலி எப்படி இருக்கு. பையன் எப்படி இருக்கான். நீ எப்ப வரே. ஜனவரியில் நாலும் கேட்டார். மார்ச்சில் பையனைப் பற்றிய கேள்வி காணாமல் போனது. என் மனைவி அதைக் கவனிக்காத மாதிரி, கேட்காத கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறென்ன வேலை.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்வருகிறோம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் மகன், "ஏர்போர்ட்லல்லாம் உங்களால முடியாதுப்பா. எப்படியும் லீவுக்கு நாங்க எங்கயாவது போகணும். எல்லாருமா போயிடுவோம்" என்றான். அப்படி ஏழு பேர் ஆனோம். நானும் மனைவியும், மகன், மருமகள், அவர்கள் மகள், திருப்பூரிலிருந்து என் மகளும் அங்கே பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜராக இருக்கும் மாப்பிள்ளையும். ஒரு வயதானவள் தன் அக்காவைப் பார்க்கப் போவது குடும்பச் சுற்றுலா ஆகிவிட்டது. இரட்டைக் கோபுரம், பத்துமலை, தீம் பார்க், கடை கடையாய் ஒரு நாள். ஏழு நாளில் ஈப்போவுக்கு ஒன்றரை நாள். என் மனைவி அதையும் ஏற்றுக்கொண்டாள். ஒன்றரை நாள் போதும் என்று இருந்தாள்.

வாட்ஸாப்பில் 'மலேசியா ட்ரிப்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். போகிறவர்கள் ஏழு பேர், குழுவில் ஆறு பேர். யாருக்காகப் பயணமோ அவளிடம் இருப்பது பட்டன் போன். அவளுக்கும் சேர்த்து நான் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

பெட்டி போன மறுநாள், வியாழக்கிழமை மாலை நாலேகாலுக்கு மகன் குழுவில் எழுதினான். அவன் டீமில் பதினாறு பேரில் ஏழு பேரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். இந்த நேரத்தில் ஒரு வாரம் லீவு போட்டால் தன் பெயர்தான் அடுத்தது என்றான். 'ட்ரிப்பைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?' மாப்பிள்ளை உடனே எழுதினார்: 'இங்கயும் வெளிநாட்டு ஆர்டர் நின்னு போச்சு. ரெண்டு ஷிஃப்ட் ஒண்ணாயிடுச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன்.' மருமகள் அடுத்த வருஷம் நிம்மதியாகப் போகலாம் என்றாள். மகள் கைகூப்புகிற படம் போட்டாள். பேத்தி அழுகிற முகம் போட்டாள். கடைசியில் மகன், 'அப்பா, நீங்க சொல்லுங்க. நாளைக்குள்ள கேன்சல் பண்ணாத்தான் முழுசாத் திரும்ப வரும்' என்றான்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட்டு இரண்டு பத்தி எழுதினேன். போகவேண்டாம் என்பதற்கு ஒன்பது காரணம் வந்தது. போகவேண்டும் என்பதற்கு ஒன்று. ஒன்பது பெரிதா, ஒன்று பெரிதா? நாலு ஐம்பத்திரண்டுக்கு 'சரி' என்று அடித்தேன். முப்பத்தேழு நிமிட யோசனை. என் மனைவி அப்போது மாடியில் காயவைத்த புளியை அள்ளிக்கொண்டிருந்தாள். படி ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினெட்டுப் படிதான்.

கீழே வந்தவளிடம், "பையன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டான்" என்றேன். நான் 'சரி' போட்டதைச் சொல்லவில்லை.

முறத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். "பெட்டி போயாச்சே" என்றாள்.

"கொண்டுவந்துட்டாப் போச்சு."

"அது வராது" என்றாள். "பயணம் கிளம்பியாச்சு. நாமதான் இன்னும் வீட்டுல இருக்கோம்."

பஞ்சாங்கப்படி பார்த்தால் வைத்த சாமானுக்கும் ஒரு கெடு இருக்குமே, மாதக்கணக்கில் செல்லாதே என்று வாதாடினேன். கெடுவெல்லாம் பஞ்சாங்கம் போட்டவனோட பெட்டிக்கு, என் பெட்டிக்குக் கிடையாது என்றாள். அதன்பிறகு அவள் வெள்ளிக்கிழமைதோறும் எதிர்வீட்டுக்குப் போய் ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்துவிட்டு வருவாள். எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டால் கேலி செய்யாமல் விடமாட்டார். "சார், உங்க பெட்டி ஓவர்ஸ்டே ஆயிட்டு இருக்கு. குவைத்தா இருந்தா இந்நேரம் ஜெயில்ல போட்டிருப்பான்" என்பார். பக்ரீத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்த அம்மா எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, பெட்டிய ஹால்லேருந்து உள்ரூமுக்கு நகத்தட்டா? மேற்காலதான் போவுது. உங்க வீட்டுப் பக்கம் ஒரு அடிகூடத் திரும்பலே" என்று அனுமதி கேட்டார். அடுத்தவர் வீட்டுப் பெட்டியை ஓர் அடி நகர்த்த அனுமதி கேட்ட அந்த அம்மா எங்கே, ஏழு பேர் பயணத்தை அனுமதி கேட்காமல் நகர்த்திய நாங்கள் எங்கே.

நகர்த்தினோம் என்பதுதான் சரியான வார்த்தை. ஜூனில் குழுவின் பெயர் 'கொடைக்கானல்' என்று மாறியது. மலேசியாதான் இல்லை, மூன்று நாள் மலைக்காவது போகலாம், அம்மாவுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும் என்றார்கள். எந்த அம்மாவுக்கு என்ன மாற்றம்? ஈப்போவில் இருக்கிற அக்கா கொடைக்கானல் ஏரிக்கரையிலா உட்கார்ந்திருக்கிறார்? பிறகு மருமகள் வீட்டுப் பக்கம் ஒரு செலவு வந்து கொடைக்கானலும் நின்றது. ஜூலையில் ஏற்காடு ஒரு நாலு நாள் பேச்சில் இருந்தது. ஆகஸ்டில் குழுவின் பெயர் 'ஒன் டே ட்ரிப்'. வேனில் தரங்கம்பாடி போய்க் கடல் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது. இதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நட்டு, கதிரும் வந்துவிட்டது. ஈப்போவில் கேள்வி நாலிலிருந்து இரண்டாகிவிட்டது. சாப்பிட்டியா, எப்ப வரே.

தரங்கம்பாடிக்கு வேன் மீட்டரில் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். போய் இறங்கி, கோட்டைக்குப் பக்கத்து மணலில் ஜமுக்காளம் விரித்துப் புளியோதரை சாப்பிட்டோம். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். மாப்பிள்ளை கடலைக் காட்டி, "அத்தை, இங்கேருந்து நேரா பாருங்க. அந்தக் கோடியில தெரியறது உங்க அக்கா வீடுதான். டிக்கெட்டே இல்லாம மலேசியாவைக் காட்டிட்டேன் பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் மரியாதைக்குச் சிரித்தாள்.

"நேரா போனா அந்தமான் மாப்பிள்ளை" என்றேன். "ஈப்போ தென்கிழக்கே."

"மாமாவுக்குக் கணக்குத் தப்பினா தூக்கம் வராது" என்றார். மறுபடியும் சிரிப்பு.

பேத்தி அதே சிரிப்போடு, "அப்புறம் ஏன் தாத்தா, மலேசியா கேன்சலுக்கு நீங்கதான முதல்ல சரின்னு போட்டீங்க? நாங்கல்லாம் அப்புறம்தான் போட்டோம்" என்றாள். குழந்தையின் மேல் குற்றமில்லை. பாட்டிக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது.

என் மனைவி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய் நின்றாள். நான் பின்னால் போனேன். என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க கேன்சல் வேண்டாம்னு போட்டிருந்தா போயிருப்பமா?"

"தெரியாது."

"தெரியுமில்ல."

"போயிருப்போம்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது ஐம்பத்தெட்டு கிலோமீட்டரும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை, வேன் ஓட்டுகிறவரிடம் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு அக்கா முகம் போனில் வந்தது. என் மனைவி "அக்கா" என்றாள். அக்கா பார்த்தார். பக்கத்தில் இருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏழு நிமிடம் என் மனைவி மட்டும் பேசினாள். சாப்பிட்டதைச் சொன்னாள், முட்டி வலியைச் சொன்னாள், பையனைப் பற்றிச் சொன்னாள். எப்போது வருகிறேன் என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே நான் கிளம்பியிருக்க வேண்டும். அப்போதும் புத்தி வரவில்லை. என் மகனுக்குப் போன் செய்து, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் டிக்கெட் போடு என்றேன். "பார்க்கலாம்பா, தீபாவளி போனஸ் வருமான்னு தெரியட்டும்" என்றான். என் பென்ஷனில் போடு என்றேன். "அதெல்லாம் தொடாதீங்கப்பா, நிலைமை சரியில்ல, வயசான காலத்துல கையில இருக்கணும்" என்றான். மேலும் நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. அதில் இரண்டில் அக்கா நல்லபடியாக, "எப்ப வரே?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் வாரம் பிறக்குமுன் நானே கும்பகோணத்துக்கு பஸ் ஏறி ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனேன். கவுன்டருக்கு வெளியே நின்று டிக்கெட் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பாஸ்போர்ட் காப்பி வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். என் மனைவியையும் அங்கே கூப்பிட்டேன்.

"சாவியைக் குடு."

"கிளம்பற அன்னைக்குத்தான் திறக்கணும்" என்றாள்.

"கிளம்பறதுக்குத்தான் கேக்கறேன். குடு சாவியை!" என்று கத்தினேன். அடுத்தவர் வீட்டு உள்ரூமில் நின்றுகொண்டு, அந்த அம்மா முன்னால், நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவளைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் மடித்துவைத்திருந்த துணியை அந்த அம்மா மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஊக்கைக் கழற்றிச் சாவியைக் கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்ததும் மோர்மிளகாய் வாசனை. பாஸ்போர்ட்டை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வாசலிலிருந்தே, "சார், முடியற தேதியைப் பாருங்க. போய் எறங்கற அன்னைக்கு ஆறு மாசம் பாக்கி இருக்கணும். இல்லேன்னா ஏத்த மாட்டான். எங்காளு ஒருத்தருக்கு அப்படி ஆயிருக்கு" என்றார்.

பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன்னால், ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போகலாம் என்று ஒரே நாளில் இரண்டு பேரும் எடுத்தது. அப்போதும் போகவில்லை. இரண்டிலும் ஒரு முத்திரைகூடக் கிடையாது. மாசி மாதத்தில் முடிகிறது. விரல் விட்டு எண்ணினேன். அன்றைய தேதிக்கு ஐந்து மாதம் நாலு நாள்தான் பாக்கி.

மே மாதத்தில் ஒன்பதரை மாதத்துக்கு மேல் இருந்தது. ஜூனில் இருந்தது. ஜூலையில் இருந்தது. பெட்டிக்குள் பூட்டியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அந்த ஆறு மாதக் கெடு எப்போது முடிந்தது என்று பின்பக்கமாக எண்ணினேன். தரங்கம்பாடி போய்வந்த நாலாம் நாள்.

"இதை ஏன் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டினே?" என்று அதற்கும் அவள்மேல் பாய்ந்தேன்.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "எல்லாத்தையும் எண்ணறவரு நீங்கதான."

எதிர்வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாப்பிட வாங்க சார் என்றார். நான் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து வாசற்கதவை ஓங்கிச் சாத்தினேன். தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. சாயங்காலம் அவரே தன் கடையிலிருந்து ஸ்க்ரூ கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார்.

புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துக் கைக்கு வரப் பத்தொன்பது நாள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். அதற்குள் தீபாவளிக் கூட்டம் வந்து இடம் கிடைக்காமல், ஐப்பசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமைதான் டிக்கெட் அமைந்தது. மறுபடியும் வெள்ளிக்கிழமை, மறுபடியும் மேற்கே சூலம். என் மனைவி அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவளுக்குப் பயணம் மே மாதமே கிளம்பிவிட்டது. டிக்கெட் எடுத்த பிறகுதான் என் மகனுக்குச் சொன்னேன். "ஏம்பா இப்படிப் பிடிவாதம்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

கிளம்பின அன்றைக்கு நல்ல மழை. எதிர்வீட்டிலிருந்து பெட்டியை எடுத்து அங்கேயே காரில் ஏற்றினோம். எங்கள் வாசல் பக்கம் அது வரவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வாங்கக்கா, ரூமே காலியாப் போவுது" என்றார். அவர் கணவர், "சார், ஆறு மாச வாடகை பாக்கி, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார். தஞ்சாவூர் தாண்டும்வரை இரண்டு பக்கமும் சம்பா வயல் தண்ணீருக்குள் நின்றது. ஏர்போர்ட்டில் எங்களால் முடியாது என்றார்கள். நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இரண்டு இடத்தில் கையெழுத்து, ஒரு இடத்தில் செருப்பைக் கழற்றினோம்.

ஈப்போ வீட்டில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உள்ளே போனதும் எழுந்து நின்றார். முகத்தில் நல்ல சிரிப்பு. என் மனைவியைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க. வழியெல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்றார். பிறகு மகனிடம், வந்தவங்களுக்குத் தண்ணி கொடு என்றார். என் மனைவி உட்கார்ந்தாள். சௌகரியமா இருந்துது என்றாள். நான் வெளியே வந்து செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டேன். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

மே மாதத்து வெள்ளிக்கிழமைக்கும் இந்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஆறேழு ஞாயிறுகளில் அக்கா அவளை 'ஏண்டி' என்றுதான் கூப்பிட்டார். அதற்கு நான் சாட்சி. போன் என் கையில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை என் மனைவி அந்த வீட்டு அடுப்படியில் சுண்டைக்காய் வற்றலை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் பெட்டியில் இருந்த வற்றல். அக்கா மெதுவாக நடந்து வந்து பின்னால் நின்றார். "ஏண்டி, கருக்கிடாதே. அடுப்பைக் குறை" என்றார். பிறகு, "நீ எப்ப வந்தே?" என்றார். என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அக்கா வரிசையாக எல்லாம் கேட்டார். முட்டி வலி, பையன், சாப்பிட்டியா. இரண்டு பேரும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஹாலில் கடிகாரத்துக்கு எதிரே இருந்தேன். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினோரு நிமிடம். அப்புறம் அக்கா எழுந்து தன் நாற்காலிக்குப் போய், மகனிடம் தாழ்ந்த குரலில் அந்த அம்மா யாரு என்று கேட்டார்.

ஒன்பது நாள் இருந்தோம். பதினோரு நிமிடம் மறுபடி வரவில்லை.

திருச்சிக்கு என் மகன் காரோடு வந்திருந்தான். அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போனான், பெட்டியை வாங்கிக்கொண்டான். கெட்டவன் இல்லை. தஞ்சாவூருக்கு முன்னால் ஒரு இடத்தில் காப்பி குடிக்க நிறுத்தினான். "ஒரு விதத்துல நல்லதுதாம்பா. மே மாசமே போயிருந்தா ஏழு பேர் செலவு. இப்ப ரெண்டே பேரோட முடிஞ்சுது. பெரியம்மாவையும் பார்த்தாச்சு. அட்ஜஸ்ட் பண்ணது வீணாப் போகல" என்றான்.

"பதினோரு நிமிஷம்" என்றேன்.

"எது?"

தம்ளரைக் கீழே வைத்தேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லியிருப்பேன். ஒன்பது காரணத்தையும் ஒரு காரணத்தையும் நடுரோட்டில் வைத்து அவனுக்குக் கணக்குச் சொல்லியிருப்பேன். என் மனைவி, "விடுங்க. நீங்களும்தான சரின்னு போட்டீங்க. அவன் ஓட்டிட்டு வரட்டும்" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேச இடமில்லை. அதுவும் கோபம்தான்.

போன வாரம் குழுவின் பெயரை 'கேரளா ட்ரிப்' என்று மாற்றியிருக்கிறார்கள். நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறதாம். வருகிற மே மாதத்துக்கு ஏழு பேர். கடைசியில் வழக்கம்போல், 'அப்பா, நீங்க சொல்லுங்க.' மேலே தள்ளிப் பார்த்தால் என்னுடைய 'சரி' இன்னும் அங்கே இருக்கிறது, நாலு ஐம்பத்திரண்டு என்ற நேரத்தோடு.

நான் பதில் போடவில்லை. அடுப்படிக்குப் போய்ப் போனை என் மனைவியிடம் நீட்டினேன். என்ன கேக்கறான் என்றாள். படித்துக் காட்டினேன். நீங்களே போட்டுடுங்க என்றாள். மாட்டேன், நீயே போடு என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் எழுத்துத் தேடினாள். எந்தெந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன். நாலு நிமிடம் ஆனது. 'ஈப்போ' என்று போட்டாள்.

இரண்டு நாள் ஆகிறது. குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. இதையும் அட்ஜஸ்ட் பண்ணலாம் என்று ஒருவர் எழுதட்டும், பார்க்கிறேன்.